இரண்டு ஸ்கேனர்களும் ஒரு மணியோசையும்

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. மான்ட்ரியல் நகரத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் என் நண்பர் ஒருவருடைய மூன்றாவது மாடிச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மைனஸ் பதினேழு. நேரத்தையும் குளிரையும் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்று நான் எழுதிய நோட்டு இப்போதும் என்னிடம் இருப்பதுதான். எதையும் தேதியும் மணியும் போட்டுக் குறித்துவைப்பது எனக்கு மாணவப் பருவத்திலிருந்தே பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எனக்கும் அந்த நண்பருக்கும் பொதுவான ஒரு கிறுக்கு உண்டு. இருவரும் கையடக்க ஸ்கேனர் வைத்திருப்பவர்கள். ஸ்கேனர் என்றால் பாஸ்போர்ட்டை நகல் எடுக்கும் கருவி என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். நான் சொல்வது வானொலி ஸ்கேனர். உள்ளங்கையில் அடங்கும், விமானிகள் பேசுவது, பனி அள்ளும் வண்டிக்காரர்கள் பேசுவது, கடை ஊழியர்களின் வாக்கி-டாக்கி எல்லாம் அதில் கேட்கும். கேட்க மட்டும்தான் முடியும். பதில் பேச முடியாது. கேட்டதை வெளியே சொல்லித் திரியாமல் இருப்பது எங்களைப் போன்றவர்களின் நாகரிகம்.

சாதாரணமாக ஸ்கேனர் ஒரு பட்டியலில் உள்ள அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போகும். ஆனால் சில கருவிகளில் இன்னொரு வசதி இருக்கிறது. அலைவரிசை என்னவென்றே தெரியாவிட்டாலும், பக்கத்தில் யாராவது பலமாக ஒலிபரப்பினால் கருவி தானாக அதில் போய் நின்றுவிடும். நண்பரிடம் இருந்தது பழைய கருவி. நான் அந்தக் குளிர்காலத்தில் புதியது வாங்கியிருந்தேன். பக்கத்து சிக்னலைப் பிடிப்பதில் எது கெட்டி என்று எங்களுக்குள் மூன்று வாரமாக வாக்குவாதம்.

"அண்ணை, உங்கடை புதுசு ஊரிலை உள்ள எல்லாத்தையும் பிடிக்கும். என்ரை பழசு பக்கத்திலை உள்ளதை மட்டும் பிடிக்கும். அதுதானே வேணும்?" என்பார் நண்பர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்துத் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நான் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, டவுன்டவுனில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை பார்த்து இங்கேயே தங்கிவிட்டவன். வாக்குவாதத்தைப் பேசித் தீர்ப்பது எனக்குப் பிடிக்காது. அளந்து தீர்க்க வேண்டும். அதனால்தான் அந்த ஞாயிற்றுச் சோதனை.

இரண்டு கருவிகளையும் பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன். நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். மணி, அலைவரிசை, என்ன ஓசை, புதியது பிடித்ததா, பழையது பிடித்ததா. ஒரு மணி நேரம் ஓட்டுவதாகத் திட்டம்.

நண்பரின் மனைவி அடுப்பில் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் ஜன்னலடியிலை இருந்து ஊர்ப்புதினம் கேக்கிறியள். இதையே நாங்கள் நாலு பொம்பிளையள் செய்தால் வேறை பேர்" என்றார். நண்பர் சிரித்தார். நான் கட்டத்தை நிரப்புவதில் மும்முரமாக இருந்தேன்.

முதல் பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று. பனி அள்ளும் வண்டிக்காரர் ஒருவர் பிரெஞ்சில் யாரையோ திட்டினார். புதியது பிடித்தது, பழையது பிடிக்கவில்லை. மளிகைக்கடை ஊழியர் ஒருவர் அரிசி மூட்டை கேட்டார். அதையும் புதியதுதான் பிடித்தது. நான் டிக் போட்டுக்கொண்டே போனேன். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

1.42க்கு இரண்டு கருவிகளும் ஒரே சமயத்தில் ஓர் அலைவரிசையில் நின்றன. டெலிபோன் மணி போல ஓர் ஓசை, மூன்று நான்கு விநாடி. பிறகு ஒன்றுமில்லை. கடைகளில் ஜோடியாக விற்கும் மலிவான வாக்கி-டாக்கிகளில் அப்படி ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஜோடியின் மற்றக் கருவியில் மணி அடிக்கும். அதை வைத்திருப்பவர் எடுத்துப் பேசலாம்.

"பொடியள் விளையாடுதுகள்" என்றார் நண்பர். நான் 'விளையாட்டுச் சாமான், பேச்சு இல்லை' என்று எழுதினேன்.

1.45க்கு மறுபடியும் அதே மணி. இரண்டு கருவிகளும் ஓடிப்போய் அதில் நின்றன. அந்த நேரத்தில் வேறு ஏதாவது வந்திருந்தால் விட்டுப்போயிருக்கும் என்பது என் கவலை. சோதனை கெட்டுவிடக் கூடாது அல்லவா? புதிய கருவியில் ஒரு பொத்தான் உண்டு. தொந்தரவு செய்யும் அலைவரிசையில் நிற்கும்போது அதை அழுத்தினால், பிறகு அந்த அலைவரிசையைக் கருவி கண்டுகொள்ளாது. அழுத்தினேன். நோட்டில் 'தடுக்கப்பட்டது' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

பழைய கருவியில் பக்கத்து சிக்னலைப் பிடிக்கும் வசதி வேலை செய்யும்போது எதையும் தடுக்க முடியாது. அதனால் 1.49க்கு அது மட்டும் மணியோசையில் போய் நின்றது. 1.54க்கும் நின்றது. 2.01க்கும். ஒவ்வொரு முறையும் நான் நேரத்தை எழுதி, பழையதன் கணக்கில் ஒரு குறையைச் சேர்த்தேன். "பாத்தீங்களா, உங்க பெட்டிக்கு வேண்டாததைத் தள்ளத் தெரியல" என்று நண்பரைச் சீண்டவும் செய்தேன். அவரும் விட்டுக்கொடுக்காமல், "அது மனிசரை மதிக்கிற பெட்டி அண்ணை" என்றார். இரண்டு பேருக்கும் வெற்றி தோல்விதான் கண்ணில் இருந்தது.

2.10க்கு ஆறாவது முறையாக மணி அடித்தபோது, நண்பரின் மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் நகரவில்லை.

"ஆரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கினம். ஒருத்தரும் எடுக்கேல்லையே" என்றார்.

"சின்னப் பிள்ளையள்" என்றார் நண்பர்.

"சின்னப் பிள்ளையள் எண்டால் கதைக்குங்கள், கத்துங்கள், சிரிக்குங்கள். இது மணி மட்டும் அடிக்குது. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

அவர் வானொலியைப் பற்றி எதுவும் அறியாதவர், அறிய விரும்பாதவர். நான் நோட்டைப் பார்த்தேன். 1.42, 1.45, 1.49, 1.54, 2.01, 2.10. ஓரத்தில் இடைவெளிகளை எழுதினேன். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது. விளையாடுகிறவர்கள் அலுத்துப்போனால் நிறுத்திவிடுவார்கள். இப்படி இடைவெளி விட்டு, அந்த இடைவெளியும் நீண்டுகொண்டே போகிற மாதிரி யார் அடிப்பார்கள்? அடிக்க வேண்டும் என்று நினைத்து, அடிக்கத் தெம்பு குறைந்துகொண்டே வருகிறவர்தான். இத்தனையும் என் கையெழுத்தில், என் கட்டத்துக்குள், கோணாமல் இருந்தது.

நோட்டை நண்பரிடம் திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு எழுந்து கோட்டை எடுத்தார்.

"அவசர உதவிக்கு, 911க்கு அடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவியள்? எங்கையோ மணி கேக்குது, ஆர் எண்டு தெரியாது, எவடம் எண்டு தெரியாது எண்டோ? முதல் கீழை போவம்."

அவர் சொன்னது சரி. பதில் பேசவும் வழியில்லை. 'கேட்கிறது, வருகிறோம்' என்ற ஒரு வார்த்தையை அனுப்ப முடிந்தால் போதும். எங்கள் இரண்டு கருவிகளுக்கும் காது உண்டு, வாய் இல்லை.

பின்பக்க இரும்புப் படிக்கட்டில் பனி உறைந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினோம். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. குளிர்காலத்தில் எல்லா ஜன்னலும் இரட்டைக் கண்ணாடியோடு மூடிக் கிடக்கும். யார் கத்தினாலும் உள்ளே கேட்காது. புதிய கருவியில் போட்ட தடையை எடுத்தேன். பழைய கருவியின் ஆன்டெனாவை நண்பர் திருகிக் கழற்றினார்.

"ஏன்?" என்றேன்.

"இப்ப இது செவிடு. கிட்டப் போனால்தான் கேக்கும். கேட்டால் ஆள் பக்கத்திலை எண்டு அர்த்தம்."

மூன்று வாரம் எந்தக் குறையை நான் ஏளனம் செய்தேனோ, அதுதான் அப்போது எங்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் மணி அடித்தால்தானே தேட முடியும்? இரண்டு பேரும் சந்தின் தெற்கு முனையில் நின்றோம். கருவியை வெளியே வைத்தால் குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்று நண்பர் அதைக் கோட்டுக்குள் மார்போடு வைத்துக்கொண்டார். மூக்கு மரத்தது.

2.22க்குப் புதியது மணியைப் பிடித்தது. திரையில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்தன. பழையது சும்மா இருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார், பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் இந்த முனையில் இல்லை. இவ்வளவுதான் தெரிந்தது. அடுத்த மணிக்கு இன்னும் எத்தனை நிமிடமோ? சந்தில் இரண்டு பக்கமும் சேர்த்து இருபது வீட்டுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு மணியோசைக்கும் ஒரு வீடு என்று தேடினால் மாலையாகிவிடும். அதுவரை அவர் அடித்துக்கொண்டிருப்பார் என்று என்ன நிச்சயம்?

அப்போது நண்பரின் மனைவி கோட்டின் மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். "யோசிச்சுப் பாத்தன்" என்றார். "அங்காலை மூண்டாவது வீட்டிலை அந்தக் கிரேக்க ஐயா இருக்கிறாரெல்லே. பனி அள்ளேக்கை இடுப்பிலை இதுமாதிரி ஒரு பெட்டி கொளுவியிருப்பார், பொலிஸ்காரர் மாதிரி. நான் கண்டிருக்கிறன்."

அந்தப் பெரியவரை எனக்கும் பார்த்த பழக்கம் உண்டு. எழுபதைத் தாண்டியவர்; நண்பர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலையசைப்பார். மூன்று பேரும் முன்பக்கம் சுற்றிப் போய் அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினோம். பதில் இல்லை. கதவைத் தட்டினோம். திரை போட்ட ஜன்னலில் எந்த அசைவும் இல்லை.

"ஞாயிறு. சேர்ச்சுக்குப் போயிருப்பினம், இல்லாட்டி மகள் வீட்டை" என்றார் நண்பர். வேறு வீட்டுக்குப் போவோம் என்று திரும்பினார்.

அந்த இடத்தில் நான் மட்டும் தனியாக இருந்திருந்தால் திரும்பியிருப்பேன். அவருடைய மனைவி நகரவில்லை. "பின்னாலை ஒருக்காப் பாப்பம்" என்றார்.

பின்பக்கம் நிலவறைக்கு இறங்கும் தாழ்ந்த கதவு ஒன்று இருந்தது. சாத்தியிருந்தது. தட்டினோம், கூப்பிட்டோம். சத்தமில்லை. இழுத்துப் பார்த்தேன், கதவு அடியில் ஐஸ் பிடித்து அசையவில்லை. ஆளில்லாத வீட்டின் கதவை உடைக்கலாமா என்று எனக்குத் தயக்கம். "அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் இங்கேயே நிப்போம்" என்றேன். நண்பர் பழைய கருவியை வெளியே எடுத்துக் கதவின் பக்கம் பிடித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். முந்தைய மணி அடித்துப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பதின்மூன்று ஆயிற்று. இனி அடிக்காது என்றுதான் நினைத்தேன்.

2.36க்கு, ஆன்டெனா இல்லாத அந்தச் செவிட்டுக் கருவி அலறியது. அதே ஓசை மெலிதாகக் கதவுக்கு உள்ளேயிருந்தும் வந்தது.

சுவரில் சாய்த்திருந்த பனி அள்ளும் மண்வெட்டியால் நண்பர் ஐஸை இடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுக்கக் கதவு திறந்தது. ஆறு படி கீழே பெரியவர் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. வாக்கி-டாக்கி கையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் பிரெஞ்சில் முனகிய முதல் வார்த்தைகள், "கதவைச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது."

அதன்பின் வேலை செய்தவர் நண்பரின் மனைவிதான். எங்கள் இருவரின் பிரெஞ்சும் கடைவீதிப் பிரெஞ்சு. அவர் பல வருடம் தையல் தொழிற்சாலையில் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரப் பெண்களோடு வேலை செய்தவர். 911க்கு அழைத்து, முகவரி, வயது, கால், குளிர், சந்துப் பக்கமாக வர வேண்டும் என்பதுவரை தடங்கல் இல்லாமல் சொன்னார். தன் மேல் கோட்டைக் கழற்றிப் பெரியவர் மேல் போட்டார். "இஞ்சாருங்கோ, உங்கடையையும் கழட்டுங்கோ" என்று கணவரின் கோட்டையும் வாங்கிப் போர்த்தினார். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குள் பெரியவரின் மனைவி விழித்து வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின், காதுக் கருவியைக் கழற்றிவைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஜோடி வாக்கி-டாக்கி சமையலறையில் சார்ஜில் இருந்தது, அணைத்த நிலையில். நிலவறையில் செல்போன் எடுக்காது என்பதால்தான் அவர்கள் அதை வாங்கியிருந்தார்கள். மணி அடித்தால் அந்த அம்மா எடுப்பார், பிறகுதான் பேசுவது. அது அவர்கள் வழக்கம். பனிக்குத் தூவ உப்பு எடுக்க இறங்கியவர் கடைசிப் படியில் வழுக்கியிருக்கிறார். காற்று பின்னால் கதவைச் சாத்திவிட்டது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் கழிந்திருந்தால் கடினம் என்று மருத்துவர்கள் சொன்னதாக அவருடைய மகள் நண்பரிடம் சொன்னார். அந்தத் தெருவில் எங்களுக்குப் பெரிய மரியாதை ஏற்பட்டது. யாரோ ஒரு பெட்டி கேக் அனுப்பினார்கள். நண்பர் கடைக்கு வருகிறவர்கள் பழைய கருவியைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள்.

எனக்குத்தான் அந்தக் கேக் இறங்கவில்லை. 1.42க்கு நான் கேட்டேன். 2.10 வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு பொத்தானை அழுத்தி, கேட்காமல் இருக்கவும் ஏற்பாடு செய்தேன். இருபத்தெட்டு நிமிடம். பாராட்டுகிற யாருக்கும் அது தெரியாது. நண்பரிடம் சொன்னால், "நானும்தானே அண்ணை பொடியள் எண்டனான்" என்று பழியில் பாதியை எடுத்துக்கொள்வார். அது உண்மைதான், ஆனால் பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது.

ஏப்ரல் கடைசியில் பெரியவர் வீடு திரும்பினார். ஒரு சனிக்கிழமை மாலை நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். அவர் மனைவி காபியை வைத்துவிட்டு வாசலோரமாகவே நின்றார், உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எப்போது கேட்டது, என்ன நினைத்தேன், எந்தப் பொத்தானை அழுத்தினேன், ஏன் அழுத்தினேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கையை வீசி, "இதில் உன் தவறு என்ன இருக்கிறது? நான் உன்னைக் கூப்பிடவில்லையே. என் மனைவியைத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

என்னை விடுவிக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என்னைத் தாண்டிப் போய் வாசலில் நின்றவர் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மாவின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. பிப்ரவரியிலிருந்து அவர் அதை எப்படிச் சுமந்திருப்பார் என்று நான் ஒருநாளும் யோசித்திருக்கவில்லை. என் இருபத்தெட்டு நிமிடத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய் நோட்டை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். தமிழில் எழுதியிருந்தாலும் எண்கள் எல்லோருக்கும் எண்கள்தானே. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினேன். "உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஆறு தடவை கேட்டது. இரண்டு கருவியும், பழுதில்லாத இரண்டு காதும் வைத்துக்கொண்டு நான் எழுந்திருக்கவில்லை" என்றேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். 1.42 என்ற இடத்தில் விரலை வைத்தார். கீழே வரை மெதுவாக இறக்கினார். மறுபடி மேலே போனார். பெரியவர் கிரேக்க மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா என்னிடம், "அந்த நேரத்தில் நான் தூங்கியிருக்கவே மாட்டேன் என்று நினைத்துத்தான் இவர் விடாமல் அடித்தாராம்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்து, தனக்கும் ஒரு கோப்பைக் காபி ஊற்றிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் அன்று நான் அங்கே போனேன், அது கிடைத்தும் என் மனம் முழுதாக ஆறவில்லை. ஆனால் நம்முடைய தவறை ஒளிக்காமல் சரியாகச் சொன்னால், நாம் நினைத்தே பார்க்காத இன்னொருவருக்கு அது ஆறுதலாக அமையலாம் என்பதை அந்த அம்மா உட்கார்ந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டேன், அதை மட்டும் எந்த நோட்டிலும் எழுதாமலே நினைவில் வைத்திருக்கிறேன்.